நூல் போட்டு முகத்தைத் தூக்குமுன்: சுங்கை சிப்புட் தோட்டத்து முகங்களுக்கான குறிப்புகள்

“நூல் எத்தனை போடுவாங்க?” முகத் தொங்கலுக்காக மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ பக்கம் போகிறவர்கள் டாக்டரிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். தோலுக்கடியில் மெல்லிய மருத்துவ நூலை விட்டு, தொங்கிய முகத்தை இழுத்துத் தூக்குகிற சிகிச்சை இது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஆறு போட்டார்கள், நமக்கு எட்டு போட்டால் இன்னும் நன்றாகத் தூக்கும் என்ற கணக்கோடு வருகிறார்கள். நூலின் எண்ணிக்கை கடைசியில் முடிவாகிற விஷயம். தாடையோரம் தொங்குவது தோலா, கொழுப்பா, பல் போன குழியா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் போட்ட நூல்தான் மூன்றே மாதத்தில் “காசு போச்சு” என்ற பேச்சில் முடிகிறது.

முகம் அடுக்கடுக்காகத் தளர்கிறது. தோலுக்கு அடியில் கொழுப்பு, அதற்குக் கீழே முகத் தசைகளைப் போர்த்தியிருக்கும் ஸ்மாஸ் என்ற சவ்வு, எல்லாவற்றுக்கும் அடியில் எலும்பு. 1976இல் மிட்ஸ், பெய்ரோனி என்ற இருவர் இந்த ஸ்மாஸை விவரித்து எழுதிய பிறகு, தோலை மட்டும் இழுத்துத் தைக்கும் பழக்கம் அறுவை மருத்துவர்களிடம் குறைந்தது. வயது ஏற ஏற எலும்பு தேய்கிறது, கன்னக் கொழுப்பு சரிகிறது, அதைத் தாங்கிப் பிடித்த நார்கள் தளர்கின்றன. வாயோரத்துக்குக் கீழே தாடை எலும்போடு தோலைக் கட்டியிருக்கும் நார் மட்டும் அவ்வளவாக இளகுவதில்லை. சரிந்து வந்த கொழுப்பு அதன் பின்னால் வந்து தேங்குகிறது. கண்ணாடியில் தெரியும் அந்தச் சின்னப் பை அதுதான். வெயில் இதையெல்லாம் வேகப்படுத்தும். ரப்பர்ப் பால்மரக் காட்டிலாவது நிழல் உண்டு. புதிதாகச் செம்பனைக் கன்று நட்ட திறந்த காட்டில் வருடக்கணக்கில் உரம் போட்டவர்களுக்குத் தலைத்துண்டு நெற்றியை மறைத்திருக்கும், கன்னத்தை மறைத்திருக்காது.

தோட்டத்துப் பெரியவர்கள் விஷயத்தில் பலர் பார்க்கத் தவறுவது பல். கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிவிட்டு இருபது வருடம் பொய்ப்பல் வைக்காமல் இருந்தால் அந்த இடத்து எலும்பு கரைந்துவிடும், கன்னம் உள்ளே போகும், வாயோரம் கீழே விழும். மேலே இழுத்துக் கட்ட அங்கே அடிப்பலம் இல்லை. இப்படி வருகிறவர்களை முதலில் பல் டாக்டரிடம் அனுப்புவதுதான் நேர்மை. சரியான பொய்ப்பல் செட் வைத்து இரண்டு மாதம் கழித்து வந்தால், சிலருக்கு நூலே வேண்டாம் என்று தோன்றிவிடும். பல் வேலையை நூலுக்குப் பிறகு வைத்துக்கொள்வது தலைகீழ் வேலை. அகலமாக வாயைத் திறந்து உட்கார்ந்த ஒரே நாளில், தோலைப் பிடித்துத் தூக்கும் முள் நூல் பிடி விட்டுப்போகலாம்.

வெற்றிலை போடுகிறவர்களுக்கு இன்னொன்று. மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால், கன்னத்தின் உட்பக்கம் வார் போல இறுகியிருந்தால், வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருந்தால், அழகு சிகிச்சைப் பேச்சை நிறுத்திவிட்டு அரசாங்கப் பல் கிளினிக்கில் காட்டுங்கள். பாக்கினால் வாய் இறுகும் நோய் புற்றாக மாறக்கூடியது. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் மற்ற இனத்தாரைவிட இந்தியர்களிடம் அதிகம். “மொகம் ஒரு பக்கமா எறங்கிடுச்சு” என்று வருகிறவர்களுக்கும் இதே கண்டிப்புத்தான். திடீரென்று ஒரு பக்கம் மட்டும் இறங்கினால் அது பக்கவாதமாக இருக்கலாம். கிளினிக்குக்கு அப்பாயின்ட்மென்ட் எடுக்காமல் உடனே 999 அழைக்க வேண்டும்.

இதெல்லாம் இல்லை என்று தெரிந்த பிறகு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, கன்ன எலும்பின் மேல் இரண்டு விரலை வைத்துத் தோலை மேலும் பின்னுமாக ஒன்றரை சென்டிமீட்டர் நகர்த்துங்கள். தாடைப் பை அடங்கி, நெற்றிப்பொட்டுப் பக்கம் தோல் லேசாக மட்டும் மடிந்தால் நூல் உதவும். அந்த ஒன்றரை சென்டிமீட்டருக்கே காதோரம் மடிப்பு மடிப்பாகத் தோல் குவிந்தால் அங்கே இருப்பது மிச்சத் தோல். நூல் தோலை வெட்டாது, குவித்துத்தான் வைக்கும். உடம்பு வேகமாக இளைத்தவர்களிடம் இதைத்தான் பார்க்கிறோம். எடை ஆறு மாதமாவது ஒரே நிலையில் நின்ற பிறகு யோசிப்பது நல்லது.

நூல் என்றால் என்ன நூல்

பழைய காலத்தில் கரையாத பாலிபுரொப்பிலீன் நூல் போட்டார்கள். இப்போது பெரும்பாலும் கரையும் நூல். பிடிஓ என்ற பாலிடையாக்சனோன் ஏறக்குறைய ஆறு முதல் எட்டு மாதத்தில் உடம்பின் நீரிலேயே கரைந்துவிடும். பிஎல்எல்ஏ என்ற இன்னொரு கரையும் வகை ஒரு வருடத்துக்கு மேல் நிற்கும். பிசிஎல் என்ற வகை இரண்டு வருடம் வரை போகும். நூல் அங்கே இருக்கிறது என்பதும் முகம் தூக்கி நிற்கிறது என்பதும் ஒன்றல்ல. பிடிஓ நூல் தூக்கிய முகம் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் படிப்படியாக இறங்கும். “அஞ்சு வருஷம் கேரண்டி” என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம்.

முள் இல்லாத மொட்டை நூலையும் சுருள் நூலையும் பத்து இருபதாகத் தோலுக்கடியில் விடுவார்கள். அவை தோலைக் கொஞ்சம் இறுக்கும், தூக்காது. தூக்குவது முள் நூல். மீன் முள் போல இரண்டு திசையிலும் செதில் வெட்டியிருக்கும். ஒரு பக்கத்துக்கு மூன்று முதல் ஐந்து இருந்தால் பெரும்பாலான முகங்களுக்குப் போதும். விலை கேட்கும்போது மொத்தத் தொகையோடு விட்டுவிடாதீர்கள். எந்த வகை நூல், முள் நூல் எத்தனை, மொட்டை நூல் எத்தனை, திரும்பப் பார்க்கும் நாட்கள் அதில் சேர்த்தியா என்பதை எழுதி வாங்குங்கள். நாற்பது நூல் என்று சொல்லி முப்பத்தாறு மொட்டை நூலாக இருந்ததை இங்கே பலர் பிறகுதான் தெரிந்துகொண்டார்கள்.

ஹைஃபு போன்ற ஒலி அலை மெஷின்கள் தோலுக்கடியில் 1.5, 3, 4.5 மில்லிமீட்டர் ஆழத்தில் புள்ளி புள்ளியாக 60 முதல் 70 டிகிரி சூடு வைக்கின்றன. பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும், அதுவும் லேசான தளர்வுக்குத்தான். கன்னம் ஏற்கெனவே ஒட்டியிருப்பவர்களுக்குக் கொழுப்பையும் கரைத்துவிடக்கூடும். கைத்தேர்ச்சி இல்லாதவர் தாடை எலும்பு ஓரத்தில் ஆழமான முனையை வைத்தால் உதட்டை இழுக்கும் நரம்பு சூடுபட்டு வாய் கோணும்.

மிச்சத் தோல் நிறைய இருப்பவர்களுக்கு மேக்ஸ் லிஃப்ட் என்ற சின்னத் தழும்பு அறுவை பொருந்தும். பெல்ஜியத்தின் டோனார்டும் வெர்பேலும் உருவாக்கிய முறை இது. காது மடலின் அடியிலிருந்து கிருதா வழியாகப் பொட்டு முடியோரம் வரை வெட்டி, உள்ளே கழுத்துக்கு ஒரு வளையம், தாடைக்கு ஒரு வளையம் தைத்து, பொட்டுப் பகுதியின் கெட்டிச் சவ்வில் கட்டித் தூக்கி, மிச்சத் தோலை வெட்டி எடுப்பார்கள். மரப்பு ஊசியிலேயே செய்ய முடியும். ஆனால் இதைச் செய்கிறவர் பிளாஸ்டிக் சர்ஜனாக இருக்க வேண்டும். தேசிய நிபுணர் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பாருங்கள். பல வருடம் நிற்கும் பலன் என்று பார்த்தால், இரண்டு மூன்று தடவை நூல் போடும் காசை இதற்குச் சேர்த்து வைப்பது சிலருக்கு நியாயமான வழி.

யார் கையில்

மலேசியாவில் முகத்தில் நூல் போடுவதும் ஊசி போடுவதும் டாக்டர் வேலை. பியூட்டி பார்லர், சலூன், ஹோட்டல் அறை, யாருடைய வீட்டு முன்கூடம், எதிலும் கூடாது. டாக்டரின் பெயர் மலேசிய மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் இருக்க வேண்டும். அந்த வருடத்துத் தொழில் சான்றிதழ் இருக்க வேண்டும். அழகியல் சிகிச்சைக்கென்று சுகாதார அமைச்சு கொடுக்கும் எல்சிபி கடிதமும் வேண்டும். அந்தக் கடிதம் எல்லாருக்கும் எல்லாச் சிகிச்சைக்கும் அனுமதி தராது. “டாக்டர், நூலுக்கு உங்களுக்கு அனுமதி இருக்குங்களா, பார்க்கலாமா?” என்று மரியாதையாகவே கேட்கலாம். முறையாக இருப்பவர் முகம் சுளிக்க மாட்டார். கிளினிக் 1998ஆம் ஆண்டு தனியார் சுகாதாரப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் பதிவாகியிருக்க வேண்டும். நூல் மருத்துவக் கருவி என்பதால் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதற்கும் பதிவு தேவை. இணையக் கடையில் வாங்கிய நூலை நாமே கொண்டுபோய்ப் “போட்டு விடுங்க” என்பது ஆபத்தான சிக்கனம்.

சில முகங்களில் பட்ட பாட்டைப் பார்த்தால் இதை மென்மையாகச் சொல்ல மனம் வருவதில்லை. சுத்தமில்லாத இடத்தில் போட்ட நூலில் ஒட்டிவரும் சில கிருமிகள் உடனே காட்டிக்கொள்ளாது. மூன்று நான்கு வாரம் கழித்து நூல் போன தடத்திலேயே சிவந்த கட்டிகளாக வரிசையாக எழும். சாதாரண ஆன்டிபயாட்டிக் கேட்காது. காசநோய்க் கிருமியின் பங்காளி வகை இவை. மாதக்கணக்கில் இரண்டு மூன்று மருந்து சேர்த்துச் சாப்பிட வேண்டியிருக்கும். தழும்பும் மிஞ்சலாம்.

போவதற்கு முன்

இனிப்பு நீர் இருப்பவர்கள் அரசாங்கக் கிளினிக் புத்தகத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டு போக வேண்டும். மூன்று மாதச் சர்க்கரையைச் சொல்லும் எச்பிஏ1சி 8க்கு மேல் இருந்தால் தள்ளிப் போடுவதே புத்திசாலித்தனம். காயம் ஆறாது, சீழ் பிடிக்கும். மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை, ஜாமு என்ற மூலிகை மருந்து போன்றவற்றை ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் முன்பே டாக்டரிடம் சொல்லி நிறுத்தலாம். இருதயத்துக்கோ மூளைக்கோ கொடுத்த ஆஸ்பிரின், ரத்தம் கட்டாமல் இருக்கும் மாத்திரை இவற்றை மட்டும் நீங்களாக நிறுத்தவே கூடாது. எழுதிக் கொடுத்த டாக்டர் சொன்னால்தான். கொஞ்சம் நீலம் பாரிப்பது பரவாயில்லை, அடைப்பு வந்தால் தாங்காது.

காது குத்திய இடத்தில் தழும்பு உருண்டையாக வளர்ந்திருந்தால் காட்டுங்கள். நம் தோலில் அது அதிகம்.

தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலையிலோ வேறு கோயிலிலோ கன்னத்தில் அலகு குத்திக்கொள்ளும் வேண்டுதல் உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்வது மிக முக்கியம். வருடா வருடம் குத்திய கன்னத்தில் உள்ளே நார் போன்ற தடம் இருக்கலாம். அதன் மேல் முள் நூல் இழுத்தால் குழி விழும். அலகு போகும் வழி நூல் போகும் வழியைக் குறுக்கே வெட்டக்கூடும். நூல் முழுக்கக் கரையும்வரை கன்னத்தில் அலகு வேண்டாம், பிடிஓ என்றால் எட்டு மாதம். இந்த வருட வேண்டுதல் தவறக்கூடாது என்றால், அதை முடித்து, புண் ஆறி, ஒன்றிரண்டு மாதம் கழித்து நூல் போட்டுக்கொள்ளலாம்.

பால் வெட்டுகிறவர்களுக்கு நல்ல காலம் மரம் இலை உதிர்க்கும் பிப்ரவரி, மார்ச். பால் குறையும், லீவு கேட்பது எளிது. வெயில் மட்டும் கடுமை, குடையும் சன்ஸ்கிரீனும் வேண்டும். அழகு சிகிச்சைக்கு எம்சி என்ற மருத்துவ லீவு கிடைக்கும் என்று நம்பிப் போகாமல் வருட லீவைச் சொல்லி வைத்துவிடுங்கள்.

அறைக்குள் நடப்பது

கோடு போடுவது உட்கார வைத்துத்தான். படுத்தால் தொங்கல் பின்னால் போய்விடும், கோடு பொய் சொல்லும். நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்வார்கள். பொட்டில் விரல் வைத்துத் துடிக்கும் ரத்தக்குழாயைத் தேடிக் குறிப்பார்கள். காதின் முன் முனைக்கு அரை சென்டிமீட்டர் கீழிருந்து, புருவத்தின் வெளி முனைக்கு ஒன்றரை சென்டிமீட்டர் மேலே வரை ஒரு கோடு மனதில் வைத்திருப்பார்கள். புருவம் தூக்கும் நரம்பு அந்த வழியாகத்தான் போகிறது.

முகம் போவிடோன் அயோடினால் துடைக்கப்படும். குளோர்ஹெக்சிடின் என்றால் கண்ணில் படாமல் மிகக் கவனம், அது கருவிழியைக் கெடுக்கும். முடியோரத்துக்குள் ஒரு சென்டிமீட்டர் தள்ளி மரப்பு ஊசி. அட்ரினலின் கலந்த லிக்னோகெயின் உடல் எடை கிலோவுக்கு 7 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. 60 கிலோ ஆளுக்கு 2 சதவீத மருந்தில் 21 மில்லிலிட்டர்தான் உச்சம், நூலுக்கு அதில் பாதிகூடத் தேவைப்படாது. போட்டதும் குத்தாமல் பத்து நிமிடம் காத்திருக்கும் டாக்டர் கெட்டிக்காரர். தோல் வெளுத்த பிறகு குத்தினால் ரத்தக்கசிவு குறையும்.

கூர் ஊசியால் ஒரு துளை, அதன் வழியே நூல் ஏற்றிய மழுங்கிய முனைக் குழாய். கொழுப்பு அடுக்கில் போகும்போது வெண்ணெயில் கம்பி விட்டது போல வழுக்கிப் போகும். மேலே தோல் சுருங்கிக் குழிந்தால் மேலோட்டமாகப் போகிறது. சுரீர் என்று வலித்தால் ஆழம் அதிகம். இதை டாக்டர் கையால் உணர்வார். நீங்கள் செய்ய வேண்டியது, பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளாமல் வலியை உடனே சொல்வது. தாடைப் பைக்கு முன்னால் குழாயை நிறுத்தி, வெளியிலிருந்து கையால் அழுத்தி முள்ளைப் பிடிக்க வைத்து, குழாயை உருவுவார்கள். காதுக்குப் பக்கத்தில் சின்ன “டிக் டிக்” சத்தம் கேட்கும். முள் பதிகிற சத்தம், பயம் வேண்டாம். பிறகு உங்களை உட்கார வைத்து இரண்டு பக்கமும் ஒப்பிட்டு இழுத்துவிட்டு, துளையோரத் தோலை அழுத்தி நூல் முனையை வெட்டுவார்கள். வெட்டிய முனை தோலுக்குள் மறைய வேண்டும். துளையில் முனை தெரிந்தால் எழுந்து வருமுன்பே காட்டுங்கள். மொத்தம் முக்கால் மணி நேரம்.

அந்த மூன்று வாரம்

வேலையில் பாதி அறையில் முடிகிறது. மீதிப் பாதி வீட்டில் நடக்கிறது. தோட்டத்து வாழ்க்கையில் நூலுக்கு எதிரிகள் நிறைய, நகரத்துக் கிளினிக் கொடுக்கும் தாளில் அவை இருக்காது.

முதல் எதிரி தலையில் கட்டும் லைட். விடியுமுன் பால்வெட்டுக்குப் போகிறவர்களின் லைட் வார் சரியாகப் பொட்டில், துளை போட்ட இடத்திலேயே அழுத்தும். வியர்வையும் ரப்பர்ப் பாலின் பிசுக்கும் அதில் ஊறியிருக்கும். பத்து நாளாவது கட்டக்கூடாது. பிறகும் வாரைச் சோப்புப் போட்டுக் கழுவி, துளைக்கு மேலே தள்ளிக் கட்டுங்கள். இரண்டாவது ஹெல்மெட். கன்னத்தைக் கவ்வும் முழு ஹெல்மெட்டைப் போடும்போதும் கழற்றும்போதும் தோலைக் கீழே இழுத்துவிடும். ஹெல்மெட் இல்லாமல் போவது விடையல்ல. இரண்டு வாரம் மோட்டார் சைக்கிளே வேண்டாம், காரிலோ பஸ்ஸிலோ போங்கள். செம்பனைக் குலை அறுப்பவர்கள் வாயைப் பிளந்து அண்ணாந்து பார்த்து முழு மூச்சோடு இழுக்கிற வேலைக்கு மூன்று வாரம் போகக்கூடாது.

முதல் நாள் துளையில் தண்ணீர் படக்கூடாது. வலிக்குப் பாராசிட்டமால் 500 மில்லிகிராம் இரண்டு, ஆறு மணிக்கொரு தடவை, ஒரு நாளைக்கு எட்டைத் தாண்டாமல். ஐஸைத் துணியில் சுற்றிப் பத்துப் பத்து நிமிடம். இரண்டு தலையணை வைத்து மல்லாந்து படுப்பது. குப்புறவும் ஒருக்களித்தும் படுக்க மூன்று வாரம் பொறுக்க வேண்டும். பேரப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொள்ளும் பாட்டிமார் இதைக் கேளுங்கள், குழந்தை தலையை ஆட்டி முட்டினால் போதும்.

சாப்பாடு ஒரு வாரத்துக்குக் கஞ்சி, இட்லி, குழைந்த சோறு, மீன். முறுக்கும் ஆட்டெலும்பும் வெற்றிலையும் மூன்று வாரம் வேண்டாம். “கொஞ்சமா போட்டுக்கிறேன்லா” என்று சொல்லிவிட்டுப் போட்ட வெற்றிலைதான், போட்ட பக்கத்துக் கன்னம் மட்டும் இறங்கிப்போனதற்குக் காரணம் என்று பிறகு தெரிந்ததுண்டு. கொட்டாவி வந்தால் தாடைக்கடியில் முஷ்டியை முட்டுக் கொடுங்கள். எண்ணெய் தேய்த்துத் தலை முழுகுவது, புருவம் எடுப்பது, ஃபேஷியல், மசாஜ் எல்லாம் ஒரு மாதம் கழித்து. துளையின் மேல் அரைத்த மஞ்சளோ சந்தனமோ பூசாதீர்கள். நல்ல நோக்கத்தோடு மாமியார் பூசிவிடுவதும் இதில் சேர்த்தி. முகத்தைத் துடைக்கும்போது கை எப்போதும் கீழிருந்து மேலாகப் போகட்டும்.

ஏழு முதல் பத்து நாள் வரை நீலம் பாரித்திருக்கும். முடியோரம் கொஞ்சம் சுருக்கமாக இருக்கும். சிரித்தால் இழுக்கும். சின்னக் குழிகள் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அடங்கும். அடங்காவிட்டால் டாக்டர் விரலால் நீவி விடுவார். நீங்களே நீவினால் முள் கழன்றுவிடும். நூல் முனை வெளியே எட்டிப் பார்த்தால் இழுக்காதீர்கள், வெட்டாதீர்கள். சுத்தமான துணியால் மூடிக்கொண்டு கிளினிக்குப் போங்கள். மரப்பு ஊசியால் வாய் சில மணி நேரம் கோணலாக இருக்கலாம். மறுநாள் காலையிலும் அப்படியே இருந்தால் சொல்ல வேண்டும். சாப்பிடும்போதெல்லாம் காதுக்கு முன்னால் வீங்கினால் எச்சில் குழாயில் பட்டிருக்கலாம். வீக்கம் கிடுகிடுவென்று ஏறினால், காய்ச்சல், சீழ், தாங்காத துடிப்பு வலி என்றால் அன்றே ஆஸ்பத்திரி, கிளினிக் திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். நூலோடு, குழியை நிரப்பும் ஃபில்லர் ஊசியும் போட்டிருந்து தோல் வெளுத்து வலை போலத் தெரிந்தாலோ, கண் பார்வை மங்கினாலோ, அது மணிக்கணக்கில் அல்ல, நிமிடக் கணக்கில் ஓட வேண்டிய அவசரம்.

நூல் பாக்கெட்டில் லாட் எண்ணோடு ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஒன்றை ஃபைலில் ஒட்டச் சொல்லி, போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எட்டாவது மாதம் “எறங்கிடுச்சு, திரும்பப் போடணும்” என்று தோன்றும்போது, நூல் போடுமுன் ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த படத்தை எடுத்து, அதே வெளிச்சத்தில், அதே போல நேராக உட்கார்ந்து இன்னொரு படம் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் படத்தைவிட இன்னும் நன்றாகவே இருந்தால் இன்னும் நாலைந்து மாதம் பொறுக்கலாம்.